மாடியில் முளைத்த கவர் வீடு

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத உட்கார்ந்தால் வாக்கியம் ஓர் இடத்தில் தொடங்கி வேறு இடத்தில் போய் நிற்கும். மறதியும் வந்துவிட்டது. காலையில் மாத்திரை போட்டேனா இல்லையா என்று மத்தியானம் டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்க்கிறேன். ஆகவே இதில் முன்னே வர வேண்டியது பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எரிச்சலோடு பார்த்த விஷயங்கள் எப்படியோ மறக்காமல் நின்றுவிடுகின்றன. இது முழுக்க அப்படிப் பார்த்ததுதான்.

எங்கள் வீடு விவேக் நகரில், கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில் இருக்கிறது. மாமனார் கட்டியது. கீழ் வீட்டில் நான். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு ஒற்றை ஆள்தான். மேல் வீட்டில் அவருடைய தம்பியும் தம்பி மனைவியும். மொட்டைமாடி இரண்டு வீட்டுக்கும் பொது.

கொழுந்தனார் ஏதோ ஓர் ஆபீசில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே என்ன கண்காணித்தார் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட, 'பால் பொங்குது' என்று சொல்வாரே தவிர அடுப்பை அணைக்க மாட்டார். ஓய்வு பெற்ற கையோடு மீன் தொட்டி வாங்கினார். மீன்கள் ஒவ்வொன்றாக மிதந்தன. இப்போது அதில் வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறது. பிறகு கீபோர்டு வாங்கி ஒரே பாட்டின் முதல் வரியை மழைக்காலம் முழுக்க வாசித்தார். அதன் மேல் இப்போது இஸ்திரி போட்ட துணி அடுக்குகிறார்கள். இதற்கு நடுவில் கோயிலில் வாசகம் வாசிப்பது, கோயில் காரியம் பேசும் பங்குப் பேரவையில் உட்கார்ந்து தலையாட்டுவது எல்லாம் உண்டு. மைக் கையில் கிடைத்துவிட்டால் அந்த மனிதருக்குப் பசியே எடுக்காது.

எனக்கு வேண்டியது வெயில் ஒன்றுதான். கீழ் வீட்டுக்குள் வெயில் வராது. இரண்டு பக்கமும் மாடி மேல் மாடியாக எழுப்பிவிட்டார்கள். நவம்பர் பிறந்தால் தரையில் கால் வைக்க முடியாது, முட்டி இரண்டும் மடங்காது. டாக்டரம்மா தினமும் காலை வெயிலில் உட்காரச் சொல்லியிருந்தார். மாடியின் கிழக்கு மூலையில் மட்டும் வெயில் தாராளமாக விழும். அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தேன். காலை வேலை முடிந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிப் போய் உட்காருவேன். கோயிலில் பன்னிரண்டு மணிக்கு மணி அடிக்கும் வரை அங்கேதான் இருப்பேன். ஜெபமாலை சொல்வேன், பூண்டு உரிப்பேன், சும்மாவும் இருப்பேன். ஒரு நாளில் எனக்கென்று இருக்கும் நல்ல நேரம் அது மட்டும்தான்.

போன வருஷம் கல்லறைத் திருநாள் அன்று கல்லறையில் பூ வைத்துவிட்டு வந்து மூன்று பேரும் மேல் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் கொழுந்தனார் ஆரம்பித்தார்.

"அண்ணி, நம்ம மாடியில கிரீன்ஹவுஸ் போடப் போறேன். பாருங்க, நம்ம வீட்டு லால்பாக் தோட்டமா ஆயிடும்."

ஓரகத்தி பேசினாள். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

"மீனுக்கு ஒரு வீடு கட்டினீங்க. இப்ப செடிக்கா?"

"நீ சும்மா இரு. ஃபாரின்ல வீட்டுக்கு வீடு வச்சிருக்கான்."

"அங்க பனி கொட்டுது, வச்சிருக்கான். இங்க இன்னாத்துக்கு? அதுவும் வருஷம் முடியற நேரத்துல. நீங்க பார்க்கிற அந்த வீடியோவுலயே எல்லாத்தையும் ஜூன்லயே ஆரம்பிக்கணும்னு அந்த ஆள் கத்தினான். எனக்குச் சமையல்கட்டு வரைக்கும் கேட்டுது."

"அது அவங்க ஜூன்."

"அவங்க ஜூன் தனியா, நம்ம ஜூன் தனியா? கேளுங்கக்கா இந்தக் கதையை."

கொழுந்தனார் காப்பியை உறிஞ்சிவிட்டுத் தன் திட்டத்தைச் சொன்னார். கிறிஸ்துமஸ் செடி வளர்க்கப் போகிறாராம். மேல் இலைகள் எல்லாம் பூப் போலச் சிவந்து நிற்குமே, அந்தச் செடி. கிறிஸ்துமஸ் பூசைக்குப் பீடத்தைச் சுற்றி இவர் வளர்த்த செடிகள்தான் நிற்குமாம். வருஷா வருஷம் கோயிலில் காசு கொடுத்து வாங்குகிறார்களே, இந்த வருஷம் அது வேண்டாமாம்.

மழை விடாத வாரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வேலையைத் தொடங்கினார். குழாய்களை நட்டு, மேலேயும் பக்கவாட்டிலும் பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்துக் கட்டினார்கள். முதல் நாள் ராத்திரி பெய்த மழையில் கூரை ஷீட் பானை வயிறு மாதிரி தொங்கி, காலையில் அவர் கீழே நிற்கும்போது அவிழ்ந்து கொட்டியது. குடையும் கையுமாக நின்று வேலை வாங்கிய மனிதர், குடை இருந்தும் முழுக்க நனைந்தார். மறுபடி கட்டினார்கள். அதற்கு மேல் பச்சை வலை ஒன்றையும் போர்த்தினார்கள். வீடியோவில் அந்த வலை இருந்ததாம். வீடியோக்காரன் இருக்கும் ஊரில் என்ன வெயிலோ, எதற்கு அந்த வலையோ, அதையெல்லாம் இவர் ஏன் கேட்கப் போகிறார். வேலைக்காரர்கள் "ஆயித்து சார்" என்று வேலை முடிந்ததைச் சொல்லிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போனார்கள். பிளாஸ்டிக் கவரால் கட்டியதால் ஓரகத்தி அதற்குக் கவர் வீடு என்று பேர் வைத்தாள். அந்தப் பேரே நின்றுவிட்டது.

கட்டிய இடம் கிழக்கு மூலை.

அன்று நான் மேலே ஏறிப் போனபோது என் நாற்காலி தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் கிடந்தது. காலையில் தொட்டியின் நிழல் முழுதும் விழும் இடம் அது. ஈரத்தில் பாசி பிடித்திருக்கும்.

"அண்ணி, உங்க சேரை இந்தப் பக்கம் போட்டுட்டேன். காத்து நல்லா வரும்" என்றார்.

எனக்குக் காற்று வேண்டும் என்று யார் இவரிடம் சொன்னது? நான் "சரி தம்பி" என்றேன். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து நான் சொல்லி வருவது அந்த ஒரு பதில்தான். வேறு பதில் மனதில் இருக்கும், வாய் வரை வராது. அன்றிலிருந்து நிழலில்தான் உட்கார்ந்தேன். சால்வை போட்டுக்கொண்டு, தொட்டிக்கு அப்பால் ஒரு பிளாஸ்டிக் பெட்டி என் வெயிலைக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

செடிகள் ஆட்டோவில் வந்தன. எல்லாம் பச்சை. நர்சரியில் சிவந்த செடிகளும் இருந்தனவாம், இவர் வேண்டாம் என்றாராம்.

"சிவந்து நிக்கிறது பழசு. கிறிஸ்துமஸுக்குள்ள கொட்டிடும். நான் பச்சையா வாங்கி நானே சிவக்க வைப்பேன்" என்று விளக்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் கோயில் வாசலில் நிற்கும்போது பங்குச் சாமியாரிடம் போய் வாக்குக் கொடுத்தார். புதிதாக வந்த, வயது குறைந்த சாமியார். யார் எது சொன்னாலும் சந்தோஷப்படுகிறவர். "பீடத்துக்குப் பூ பத்தி நீங்க கவலையே படாதீங்க ஃபாதர். எல்லாம் நம்ம கிரீன்ஹவுஸ்ல ரெடி ஆயிட்டு இருக்கு" என்று இவர் சொன்னபோது சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். ஆட்கள் இருக்கும் நேரம் பார்த்துத்தான் சொன்னார்.

இனி நட்சத்திர விவகாரம். எங்கள் பக்கத்தில் நவம்பர் கடைசியில்தான் வீட்டு வாசலில் நட்சத்திர விளக்குக் கட்டுவார்கள். எங்கள் தெருவுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த குழுவான அன்பியத்தில் நல்ல நட்சத்திரத்துக்குப் பரிசு உண்டு. அதற்கு முந்தின வருஷம் இவர் கட்டிய காகித நட்சத்திரம் மழையில் ஊறி, கம்பியில் மாட்டிய கந்தல் துணி மாதிரி தொங்கியது. அந்த அவமானம் அவருக்கு ஆறவில்லை. இந்த முறை நனையாத இடம் ஒன்று கையில் இருக்கிறதே. செடிகள் வந்த அன்றே, தெருவில் யாரும் நட்சத்திரத்தை நினைக்காத நேரத்தில், பெரிய காகித நட்சத்திரம் ஒன்றைக் கவர் வீட்டுக்குள்ளேயே, செடிகளுக்கு நேர் மேலே கட்டித் தொங்கவிட்டார். உள்ளே பெரிய பல்பு. இருட்டியதும் போட்டால் விடியும் வரை எரியும். ஷீட் முழுக்க வெளிச்சம் பரவி, கீழே தெருவில் இருந்து பார்த்தால் எங்கள் மாடியில் ஏதோ இறங்கி உட்கார்ந்திருப்பது போல இருக்கும். போகிறவர்கள் நின்று ஃபோனில் படம் எடுத்தார்கள். கொழுந்தனார் சாயங்காலங்களில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர்கள் படம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் பாதி ஆயிற்று. செடிகள் நன்றாகத்தான் வளர்ந்தன. பச்சையாக வளர்ந்தன. ஓர் இலைகூடச் சிவக்கவில்லை. கொழுந்தனார் டீத்தூள் போட்டார். முட்டை ஓடு போட்டார். செடிகளுக்குப் பாட்டுப் பிடிக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கவர் வீட்டுக்குள் ஃபோனை வைத்துக் கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் போட்டுவிட்டார். கடைசியில் ஒரு நாள் கோயிலில் இருந்து தீர்த்தம் கொண்டு வந்து தெளித்ததையும் என் கண்ணால் பார்த்தேன்.

"ஞானஸ்நானம் ஆச்சா? பேர் இன்னா வச்சீங்க?" என்று ஓரகத்தி துணி காயப்போட்டபடி கேட்டாள்.

"உனக்கு விசுவாசம் கிடையாது."

"எனக்கு உண்டு. செடிக்குத்தான் இல்ல போலிருக்கு."

ஆரம்பத்தில் இரண்டு செடிகள் வரும்போதே தண்டு ஒடிந்திருந்தன. அவற்றை வேண்டாம் என்று தொட்டிக்கு அந்தப் பக்கம், என் நாற்காலிக்கு அருகே ஒதுக்கிப் போட்டிருந்தார். நிழலில் என்னோடு அவையும் உட்கார்ந்திருந்தன. நான் குடித்து மீந்த தண்ணீரை அவற்றுக்கு ஊற்றுவேன். டிசம்பரில் ஒரு காலை அதில் ஒன்றின் மேல் இலையில் நரம்பு சிவந்திருந்தது. பிறகு இலை முழுதும் சிவந்தது. அதன் பிறகு மற்றதும் சிவந்தது. நான் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லையே.

ஓரகத்திதான் துணி எடுக்க வந்தபோது பார்த்தாள். "இது எப்படிக்கா சிவந்துச்சு?"

"தெரியாதும்மா. இங்கதான் கிடந்துச்சு."

அவள் அங்கேயே நின்று ஃபோனில் தேடினாள். கொஞ்ச நேரம் படித்தாள். பிறகு சத்தமாகச் சிரித்தாள். புருஷனைக் கூப்பிட்டாள்.

"இந்தச் செடி சிவக்கணும்னா ராத்திரி நல்ல இருட்டு வேணுமாம். பொழுது சாய்ஞ்சா ஒரு பொட்டு வெளிச்சம் படக்கூடாதாம். தொட்டி மறைவுல கிடந்த இதுங்க ரெண்டும் சிவந்துடுச்சு. நீங்க தலைக்கு மேல பல்பு போட்டு விடிய விடிய உக்கார வச்சிருக்கீங்க. அது எங்கே சிவக்கும்? கண்ணுதான் சிவக்கும்."

"யார் சொன்னா?"

"நீங்க நம்பற அதே ஃபோன்தான்."

"அதுல ஆயிரம் சொல்லுவான்."

"இத்தனை நாள் அதைக் கேட்டுத்தானே ஆடினீங்க. சரி, இன்னிக்கே நட்சத்திரத்தை அணைங்க. ஏதோ வந்த வரைக்கும் வரட்டும்."

கொழுந்தனார் முகத்தில் அப்போது பார்த்ததை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். ஒரு பக்கம் சாமியாருக்குக் கொடுத்த வாக்கு. இன்னொரு பக்கம் பரிசு. இரண்டையும் மனதில் எடை போட்டுப் பார்த்தார்.

"அணைக்க முடியாது. போட்டி பார்க்கிறவங்க எந்த ராத்திரி வருவாங்கன்னு தெரியாது."

"அப்ப ஃபாதர் கிட்ட இன்னா சொல்வீங்க?"

"அதை நான் பார்த்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டார். நட்சத்திரத்துக்கு ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்க் கிடைத்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதில் இருந்து செக்கச் செவேலென்று சிவந்த செடிகள் இறங்கின. எந்த நர்சரியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாரோ, அங்கே போய் வாங்கியிருக்கிறார். தொட்டிகளில் நர்சரியின் சீட்டு ஒட்டியிருந்தது. வாசல் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டி எடுத்தார். நான் ஜன்னல் அருகே கிறிஸ்துமஸ் பலகாரத்துக்குக் கல்கல் உருட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், மறுபடி குனிந்து சுரண்டினார். நான் பார்த்ததைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. பூனை பார்த்த மாதிரிதான்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசையில், அறிவிப்பு வாசிக்கும்போது சாமியார் இவரை எழுந்து நிற்கச் சொன்னார். "தன் வீட்டு மாடியில், தன் கையால் வளர்த்து" என்று சொல்லி நன்றி சொன்னார். கோயிலே கை தட்டியது. இவர் கையைக் கூப்பி நாலு பக்கமும் திரும்பினார். ஓரகத்தி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். சரிசெய்ய அதில் ஒன்றும் இல்லை.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து நட்சத்திரத்தை இறக்கினார். அத்தோடு மாடிப் பக்கமே வருவதை விட்டுவிட்டார். செடிகளுக்கு ஓரகத்தி தண்ணீர் ஊற்றினாள். அந்த ஜனவரியில் குளிர் அதிகம். ஒரு காலை, நிழலில் உட்கார்ந்து கை விரல் மரத்துப் போய், ஜெபமாலை மணி நழுவி நழுவி எந்த மணியில் இருக்கிறேன் என்றே தெரியாமல் போயிற்று. எழுந்து போய்க் கவர் வீட்டின் ஷீட்டை விலக்கிப் பார்த்தேன். முகத்தில் வெதுவெதுப்பு வந்து மோதியது. இட்லிப் பானையைத் திறந்தது போல இருந்தது. நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் உள்ளே போட்டு உட்கார்ந்துவிட்டேன். காற்று இல்லை. ஷீட்டின் உள்பக்கம் நீர் முத்து முத்தாக ஓடியது. கொஞ்ச நேரத்தில் முட்டி மடங்கியது. மேலே அந்தப் பச்சை வலை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் முழு வெயிலும் வந்திருக்கும். இப்போதைக்கு வந்தது அரை வெயில்தான். அதுவும் திருட்டுத்தனமாக, படியில் எப்போது அவர் காலடி கேட்குமோ என்று பயந்துகொண்டு.

அந்த மாதம் சாமியார் வீடு வீடாக ஜெபித்து மந்திரிக்க வந்தார். எங்கள் வீட்டு முறை வந்த அன்று நான் மேலே இருந்தேன். நேரம் சொன்னதற்கு முன்பே வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அன்பியத்துப் பெண்கள் நாலைந்து பேரும் கூட. படியில் பேச்சுக் கேட்டது.

"படி வழுக்கும் ஃபாதர். இன்னொரு நாள் பார்க்கலாம். இப்ப அங்க ஒண்ணும் இல்ல" என்று கொழுந்தனார் கெஞ்சினார்.

"பரவாயில்லைங்க. பீடத்தை அலங்கரிச்ச தோட்டத்தையும் மந்திரிச்சுட்டுப் போறேன்."

எனக்கு எழுந்திருக்க நேரம் இல்லை. ஷீட்டை விலக்கினார்கள். சுற்றிலும் தளதளவென்று பச்சைச் செடிகள். நடுவில் சால்வையும் ஜெபமாலையுமாக நான். சாமியார் செடிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பீடத்துக்கு வந்த மாதிரிச் சிவப்புச் செடி ஒண்ணுகூட இங்க இல்லையே?"

கொழுந்தனாருக்கு வேர்த்தது. உள்ளே வெதுவெதுப்பாக இருந்ததால் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

"அது சீசன் முடிஞ்சுது ஃபாதர். செடியெல்லாம் சும்மா ஒரு பேருக்கு. உண்மையைச் சொன்னா இதைக் கட்டினதே அண்ணிக்காகத்தான். டாக்டர் வெயில்ல உக்காரச் சொல்லிட்டாங்க. குளிர் காத்து படாம இருக்கட்டும்னு."

பெண்கள் எல்லாரும் 'அய்யோ பாவம், நல்ல மனுஷன்' என்கிற மாதிரி அவரைப் பார்த்தார்கள். சாமியார் என் பக்கம் குனிந்து, "அப்படிங்களாம்மா? கொடுத்து வச்சவங்க நீங்க" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அதுதான் ஆகாது. ஓரகத்தி ஆட்களுக்குப் பின்னால் நின்று, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொன்னால் அந்த மனிதர் மானம் அங்கேயே போகும். என் நாற்காலியும் மறுபடி நிழலுக்குப் போகும்.

"ஆமா சாமி" என்றேன். பிறகு எப்படி வந்ததோ, மேலும் வந்தது. "மேல இருக்கிற அந்தப் பச்சை வலையையும் எடுத்துட்டா வெயில் நல்லா வரும்னு தம்பி சொல்லிட்டு இருந்தாரு. இன்னிக்கு எடுத்துடறேன்னாரு."

ஓரகத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொழுந்தனார் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை முழுசாகப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

"எடுக்கிறேன் அண்ணி" என்றார்.

சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் வலை இறங்கியது. ஓரகத்தி ஏணியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, அண்ணிக்காகச் செய்யறீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் முதியோரைப் பேணுவதற்கு எங்கள் மாடி உதாரணமாக வந்தது. பூசை முடிந்து பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு இந்தக் காலத்தில் இப்படி ஒரு கொழுந்தனா என்றார்கள். நான் சரி சரி என்றேன்.

மறுநாளிலிருந்து முழு வெயிலில் உட்கார்ந்தேன். நட்சத்திரம் இறங்கி ராத்திரி இருட்டானதும் செடிகளுக்கு ஒருவழியாக நேரம் வந்தது. நாளுக்கு நாள் சிவந்தன. விபூதிப் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு மாடிக்குப் போனேன். அத்தனையும் சிவப்பு, ஓர் இலை பாக்கி இல்லை. தவக்காலம் தொடங்கிவிட்டது. ஈஸ்டர் வரைக்கும் பீடத்தில் ஒரு பூ வைக்க மாட்டார்கள். கொழுந்தனார் ஃபோனோடு வந்து படம் எடுத்தார், ஈஸ்டர் வரை தாங்குமா என்று செடிகளையே கேட்பது போல முணுமுணுத்தார். தாங்கவில்லை. மார்ச் வெயிலில் எல்லாம் கொட்டியது. எனக்கும் அதற்குள் உட்கார முடியாமல் வெந்தது. ஷீட்டைச் சுருட்டிக் கட்டச் சொன்னேன். சுருட்டிக் கட்டினார். நாற்காலி அங்கேயேதான் இருக்கிறது.

சாமியார் வந்தது ஜனவரிக் கடைசியா, பிப்ரவரி தொடக்கமா என்பது எனக்கு நிச்சயமில்லை. நட்சத்திரத்துக்குக் கொடுத்தது பிளாஸ்க்தானா, டிபன் கேரியரா என்பதும் குழப்பம். அச்சுக்குப் போவதற்கு முன் யாராவது என் ஓரகத்தியிடம் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். அவளுக்கு எல்லாம் நினைவிருக்கும். கொழுந்தனாரிடம் கேட்க வேண்டாம். கவர் வீட்டை அண்ணிக்காகத்தான் கட்டினோம் என்று இப்போது அவரே நம்பிவிட்டார்.